குட்டிப் பாம்பு கொத்தியதா, கவ்வியதா?

போன மாதம் ஒரு நாள் இரவு 11 மணிக்கு, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கட்டைவிரலில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். கீழே "அண்ணே, கடிச்சிருச்சு. என்னைப் பிடிக்கல போல" என்று ஒரு வரி. வாங்கி ஒன்பது நாள் ஆன கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) குட்டி, பென்சில் தடிமன்கூட இருக்காது. அந்த அளவுக் குட்டி கடித்தால் ரோஜா முள் கீறியது போலத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் ஆறுதல் எல்லாம் அப்புறம் என்று நேராகக் கேட்டேன்: கொத்திவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டதா, கவ்விப் பிடித்துக்கொண்டதா?

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே" என்றார்.

ரெண்டும் ஒன்றில்லை. நம் மொழியிலேயே இதற்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. பாம்பு சீறும், முட்டும், கொத்தும், கவ்வும், சப்பும், மெல்லும். புதிதாக வளர்ப்பவர்கள் இத்தனையையும் "கடி" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. கொத்துவது பெரும்பாலும் பயத்தில். கவ்வுவது பெரும்பாலும் தீனி என்று நினைத்து. பயந்த குட்டிக்கு நீங்கள் ஒதுங்கி நின்று அவகாசம் தர வேண்டும். தீனி என்று நினைக்கும் குட்டிக்கு "இது கை, எலி இல்லை" என்று தெளிவாகக் காட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ரெண்டுமே மோசமாகும்.

எந்தப் பாம்பு என்பது முதலில்

நான் இங்கே சொல்வதெல்லாம் கடையில் முறைப்படி வாங்கிய, விஷமில்லாத குட்டிகளுக்கு. கோலாலம்பூரில் புதியவர்கள் கையில் அதிகம் பார்ப்பது கார்ன் ஸ்நேக்கும் பால் பைத்தானும். பால் பைத்தான் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு, பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், 'பால்' என்ற ஆங்கிலப் பெயரும் அதனால்தான். கிங் ஸ்நேக் வைத்திருப்பவர்களும் உண்டு, அது வாயில் பட்டதையெல்லாம் மென்று பார்க்கும் ரகம்.

ஹாக்னோஸ் என்ற இன்னொரு வளர்ப்புப் பாம்பு மட்டும் தனிக் கதை. சீறும், தலையைத் தட்டையாக்கும், வாயை மூடிக்கொண்டே மூக்கால் முட்டும், பெரும்பாலும் வெறும் மிரட்டல். ஆனால் அதற்கு வாயின் பின்பக்கத்தில் நீண்ட பற்களும் லேசான விஷமும் உண்டு. விரலைக் கவ்வி மெல்ல ஆரம்பித்தால் "பாவம், குட்டிதானே" என்று விட்டுவைக்காதீர்கள். அதிக நேரம் மென்றால் வீக்கம் கூடும். சீக்கிரம் விடுவித்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீக்கம் பரவினால் கிளினிக் போங்கள்.

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வடிகாலில், தோட்டத்தில் பிடித்த குட்டியை வளர்க்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். விஷமுள்ளதா இல்லையா என்று படத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதில் தெரிந்தவர்களே தவறுகிறார்கள். தவிர, நாம் மலாயில் "சாவா" என்று சொல்லும் ரெட்டிக்குலேட்டட் பைத்தான் என்ற மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கீழ் பாதுகாக்கப்பட்டது, உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். மலைப்பாம்பு வகை எதுவானாலும் வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. வீட்டுக்குள் காட்டுப் பாம்பு வந்துவிட்டால் 999-க்கு அழையுங்கள், தீயணைப்பு வீரர்களோ பொதுத் தற்காப்புப் படையினரோ வந்து பிடிப்பார்கள்.

கொத்து: பயம்

முட்டையிலிருந்து வந்து சில மாதமே ஆன குட்டியை நினைத்துப் பாருங்கள். காட்டில் அதைப் பறவை தின்னும், பல்லி தின்னும், வேறு பாம்பும் தின்னும். மேலே இருந்து ஒரு பெரிய நிழல் இறங்கினால் அது சாவு என்று அதன் உடம்புக்குத் தெரியும். உங்கள் கை அந்த நிழல்தான். கடையில் வாங்கி, டப்பாவில் போட்டு, காரில் குலுக்கி, புது வாசனை உள்ள வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றைக்கே நாலு பேர் கை மாற்றிப் பார்த்தால் அது கொத்தாமல் என்ன செய்யும்?

கொத்தப் போகும் குட்டி முன்கூட்டியே சொல்லிவிடும். கழுத்தை வளைத்து வளைத்து மடித்துப் பின்னுக்கு இழுக்கும், தலை உங்கள் பக்கமே திரும்பி நிற்கும். கார்ன் ஸ்நேக் வால் நுனியைப் படபடவென்று ஆட்டும், கீழே காகிதம் விரித்திருந்தால் சத்தமே கேட்கும். சீறும். நாற்றமுள்ள திரவத்தையும் பீய்ச்சும். இதையெல்லாம் பார்த்த பிறகும் கையை நீட்டினால் சட்டென்று ஒரு கொத்து, கண் இமைக்கும் நேரத்தில் தலை பழைய இடத்துக்குப் போய்விடும். பிடித்துக்கொள்ளாது. அதற்கு நீங்கள் வேண்டாம், தூரப் போனால் போதும்.

அசையாமல் கிடக்கும் பாம்பு சாந்தமான பாம்பு என்றும் நினைக்காதீர்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள பாம்புக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், குழிவிரியன்கள் கிளையில் கல்போல் கிடக்கும். அவை விஷப் பாம்புகள், பகலில் அசையாமல் கிடப்பது அவற்றின் வழக்கம், அவ்வளவுதான். உங்கள் குட்டியும் கையில் விறைத்துக் கிடந்தால், நாக்கை நீட்டவே இல்லை என்றால், அது பயத்தில் உறைந்திருக்கிறது. நிதானமாக நாக்கை நீட்டிக்கொண்டு விரல்களுக்கு இடையே நழுவிப் போகிற குட்டிதான் நிம்மதியாக இருக்கிற குட்டி.

கவ்வு, சப்பு: தீனி

பலர் "செல்லமா கடிக்குது" என்று சொல்வது இந்த மெதுவான சங்கதியைத்தான். குட்டி கையில் ஊர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று விரல் இடுக்கில் நிற்கும், நாக்கு வேகவேகமாக வெளியே வரும், மூக்கை விரலில் வைத்து அழுத்தும், பிறகு அவசரமே இல்லாமல் வாயைத் திறந்து விரல் ஓரத்தை வாய்க்குள் வைக்கும். கோபம் இல்லை, சீறல் இல்லை. நாய்க்குட்டி போல் விளையாடுகிறது என்றோ, பல் முளைக்கிற அரிப்பு என்றோ சிலர் சொல்கிறார்கள். பாம்புக்குப் பல் ஆயுள் முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும், அதற்காக எதையும் கடிக்காது. அது உங்கள் விரலைத் தின்ன முடியுமா என்று பார்க்கிறது.

ஏன் அப்படித் தோன்றுகிறது? பாம்பு உலகத்தை அறிவது வாசனையால். நாக்கு காற்றிலிருந்து வாசனையை எடுத்து, வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பிடம் கொடுக்கிறது. பால் பைத்தானுக்கு அதோடு உதட்டோரக் குழிகளும் உண்டு, அவை சூட்டை உணரும். வெதுவெதுப்பான விரலில் எலி வாசனையும் இருந்தால் அதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

என் பால் பைத்தான் ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது எனக்கே நடந்தது. கிள்ளானில் தங்கை வீட்டுக்குப் போய், மருமகன் வளர்க்கும் ஹாம்ஸ்டரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். வீடு திரும்பி, கையைச் சும்மா தண்ணீரில் நனைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். சீறலும் இல்லை, வளைந்த கழுத்தும் இல்லை, நேராக வந்து கட்டைவிரலைக் கவ்வி, மணிக்கட்டில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஹாம்ஸ்டர் வாசனையோடு கையை உள்ளே விட்டவன் நான்.

முதல் இரண்டு வாரம்

சரி, குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் வேலை, தொடாமல் இருப்பது. குறைந்தது ஒரு வாரம். தண்ணீர் மாற்ற, எச்சம் எடுக்க மட்டும் பெட்டியைத் திறங்கள். பிறகு முதல் தீனி கொடுங்கள், அது தின்று, ரெண்டு நாள் கழித்துத்தான் கையில் எடுக்கலாம். முதல் தீனியைத் தின்னவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் சும்மா விடுங்கள். இந்தப் பொறுமைதான் கடினம், எனக்குத் தெரியும், வாங்கிய அன்றைக்கே கழுத்தில் போட்டுப் படம் எடுக்கத் தோன்றும். ஆனால் இந்த ரெண்டு வாரத்தைக் கெடுத்தவர்கள்தான் பிறகு ஆறு மாதம் கொத்து வாங்குகிறார்கள்.

அதற்குள் பெட்டியைச் சரிசெய்யுங்கள், இடம் சரியில்லாத குட்டி எப்போதும் பதற்றமாகவே இருக்கும். உடம்பை நெருக்கிப் பிடிக்கிற அளவில் ஒளிந்துகொள்ள ரெண்டு இடம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி, மறுபக்கம் 26 வாக்கில். கார்ன் ஸ்நேக்குக்கு அதைவிட ரெண்டு மூன்று டிகிரி குறைவு. குளிர்நாட்டுக்காரர்கள் சூட்டுக்காக எழுதுவதைப் படித்துவிட்டுப் பயப்படாதீர்கள், நம் ஊர் அறை வெப்பமே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே ஆபத்து வேறு. ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும் படுக்கையறை ஒன்று, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டு விரிப்பு இன்னொன்று. முன்னது செரிமானத்தைக் கெடுக்கும், பின்னது வயிற்றைச் சுட்டுவிடும். கொண்டோவில் மதிய வெயில் நேராக விழும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள்.

கையில் எடுப்பது எப்படி

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலி, கோழி, வீட்டுப் பூனை எதன் வாசனையும் இருக்கக் கூடாது, வாசனை சோப்பும் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் கையை விடாமல் சில நொடி நில்லுங்கள். அப்புறம் சமையலறைக் காகிதச் சுருளோ சின்னக் கொக்கிக் கம்பியோ எடுத்து, குட்டியின் உடம்பில் தலைக்குச் சற்றுப் பின்னால் மெதுவாகத் தொடுங்கள், தட்ட வேண்டாம், தடவுகிற மாதிரி. தீனி நாளில் இது இருக்காது, எடுக்கிற நாளில் கட்டாயம் இருக்கும். சில வாரத்தில் "இது தொட்டால் தீனி இல்லை" என்று அதற்குப் பழகிவிடும். கவ்வுகிற குட்டிக்கு இதைவிட நல்ல வைத்தியம் நான் பார்த்ததில்லை.

அது தலையைப் பின்னுக்கு இழுத்ததா, ஓரமாக நகர்ந்ததா பாருங்கள். நகர்ந்தால் நல்லது. பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய், உடம்பின் நடுப்பகுதியை அடியிலிருந்து தாங்கி எடுங்கள். தலையைப் பிடிக்காதீர்கள், வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தயங்கித் தயங்கி நாலு முறை கையை நீட்டி இழுப்பதைவிட, ஒரே சீராகப் போய் எடுப்பது அதற்கும் நிம்மதி. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், எவ்வளவு பழகியிருந்தாலும் சரி, கண்ணில் பட்டால் குட்டிப் பல்லும் பெரிய விஷயம்தான்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம், வாரத்துக்கு ரெண்டு மூன்று முறை போதும். நடுவில் ஒரு கொத்துக் கொத்தினால் அந்த நொடியே பெட்டிக்குள் போடாதீர்கள். கொத்தினால் விட்டுவிடுவார்கள் என்று அது பழகிக்கொள்ளும். அசையாமல் இருங்கள், அது தணிந்து நாக்கை நீட்ட ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு உள்ளே விடுங்கள். கொத்திக்கொண்டே இருந்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

கண் பால்போல் வெளுத்து, தோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அப்போது அதற்குச் சரியாகக் கண் தெரியாது, நல்ல பிள்ளையாக இருக்கும் பாம்பும் கொத்தும். உரித்து முடியும்வரை தொடாதீர்கள்.

கையுறை பற்றிக் கேட்பார்கள். குட்டிக்குத் தேவையில்லை, துணியில் பல் மாட்டி உடையும். ஆனால் கை நடுங்கித்தான் எடுக்க முடியும் என்றால் மெல்லிய தோல் கையுறையோடு ஆரம்பித்துப் பிறகு கழற்றிவிடுங்கள். நடுங்கும் கையைவிட அது மேல்.

தீனி நாள்

உறைந்த எலியை முதல் நாள் ராத்திரி குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள், தனி டப்பாவில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் அம்மா உங்களையும் பாம்பையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார். மறுநாள் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சூடான தண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். உயிருள்ள எலியும் வேண்டாம், எலி பாம்பைக் கடித்துக் குதறிய படங்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கொடுப்பது எப்போதும் நீண்ட இடுக்கியால், ஒரு அடி நீளமாவது இருக்கட்டும். விரலால் ஒரு முறை கொடுத்தாலும் விரல் என்றால் தீனி என்ற பாடம் பதிந்துவிடும். அளவு, பாம்பின் உடம்பில் தடித்த இடத்துக்குச் சமமான எலி. குட்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை. குறைவாகவும் தாமதமாகவும் போட்டால் எப்போதும் பசியோடு சப்பிக்கொண்டே இருக்கும், என்னிடம் வரும் சப்பல் புகார்களில் பாதி இதில்தான் தீர்கிறது.

பெட்டிக்குள்ளேயே தீனி போட்டால் கையைக் கடிக்கப் பழகும், அதனால் வேறு டப்பாவுக்கு மாற்றிப் போடுங்கள் என்று சில கடைகளில் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தின்று முடித்த பாம்பு இன்னும் தீனி மும்முரத்தில்தான் இருக்கும், அந்த நேரத்தில் கையால் தூக்கித் திரும்ப மாற்றும்போதுதான் கவ்வு வாங்குவீர்கள், அது தின்றதைக் கக்கவும் செய்யலாம். பெட்டியிலேயே போடுங்கள், 48 மணி நேரம் தொடாதீர்கள்.

கவ்வித் தொங்கினால்

இழுக்காதீர்கள். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாம்பின் பற்கள் தொண்டைப் பக்கம் வளைந்தவை, மேலே நாலு வரிசை, கீழே ரெண்டு. நீங்கள் இழுக்க இழுக்க அவை உங்கள் தோலில் ஆழமாக மாட்டும், உங்களுக்குக் கீறல், அதற்குப் பல் உடைந்து வாய் புண்ணாகும்.

கையை மேசையில் ஊன்றி அசையாமல் வையுங்கள். சுற்றியிருந்தால் வால் முனையிலிருந்து பிரியுங்கள், தலைப் பக்கமிருந்து பிரித்தால் இன்னும் இறுக்கும். சும்மா இருந்தாலே பல குட்டிகள் ஒரு நிமிடத்தில் "இது எலி இல்லை" என்று விட்டுவிடும். விடவில்லையா, குழாயடியில் குளிர்ந்த தண்ணீரை வாயருகே மெதுவாக ஓட விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வாயோரத்தில் ஒரு துளி மௌத்வாஷைப் பஞ்சில் தொட்டு வையுங்கள், ஒரு துளிக்கு மேல் வேண்டாம். விடும்போது தலையை லேசாக விரல் பக்கமே முன்னே தள்ளிப் பல்லைக் கழற்றுங்கள்.

பிறகு காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கிருமிநாசினி போடுங்கள். உள்ளே பல் துணுக்கு நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஏற்பு ஊசி (டெட்டனஸ்) போட்டு வருடக்கணக்கில் ஆகியிருந்தால் கிளினிக்கில் கேளுங்கள், சிவந்து வீங்கிச் சூடானாலும் போங்கள்.

கடியே இல்லாத வாய்

தின்ற பிறகு வாயை அகலத் திறந்து தாடையை இப்படியும் அப்படியும் கோணினால் அது தாடையைச் சரிசெய்துகொள்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தீனி நேரம் இல்லாதபோது வாயைத் திறந்தபடியே இருந்தாலோ, மூச்சில் விசில் சத்தம் வந்தாலோ, வாயோரத்தில் நுரை தெரிந்தாலோ மூச்சுக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். ஈறு சிவந்து, தயிர்போல் சீழ் தெரிந்தால் வாய்ப்புண். ரெண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை, அதனால் பாம்பு வாங்கும் முன்பே யார் பார்ப்பார்கள் என்று தொலைபேசியில் விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், பாம்பு நல்ல உடம்போடு இருந்தாலும். தொட்டவர்கள் எல்லாரும் கை கழுவ வேண்டும், பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். என் அம்மா இன்றைக்கும் விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று சொல்ல மாட்டார், "அந்தப் பூச்சிய மூடி வெச்சியா?" என்றுதான் கேட்பார். அவர் பயத்தை நான் கேலி செய்ததில்லை. பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன், அதிலிருந்து வீட்டில் சண்டை இல்லை.

கடைசியாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தின்ற நாள், சட்டை உரித்த நாள், கையில் எடுத்த நாள், கொத்தா கவ்வா, அதற்கு முன் என் கை எங்கே இருந்தது. செந்தூல் தம்பியையும் அன்றே எழுத வைத்தேன். இரண்டாவது வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அவருடையது கொத்து, மூன்று முறையும் வேலை முடிந்து வந்த அவசரத்தில் மேலே இருந்து கையை விட்டபோது. இப்போது பெட்டியை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மாற்றி, பக்கவாட்டுக் கதவு வழியாக எடுக்கிறார்.